நாட்பட்ட கல்லீரல் தொற்றும் மரபுவழி ஏற்புநிலையும்: செட்டிநாட்டு அகமணச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஹெபடைடிஸ் பி, சி நச்சுயிரித் தொற்றுகள் சிலரிடம் தாமே நீங்குகின்றன. சிலரிடம் நாட்பட்டு நிலைக்கின்றன. இவ்வேறுபாட்டில் மரபணுவின் பங்கையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல் அழற்சி, நச்சுயிரி, மரபணு மாறுபாடு, அகமணம், செட்டிநாடு

முன்னுரை

காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டின் நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்கள். ஒரே கோயிலின் ஒரே பிரிவினர் பங்காளிகளாதலின் தம்முள் மணவுறவு கொள்வதில்லை. எனினும் மரபான திருமணம் சமூகத்திற்குள்ளேயே அமைந்தது. இத்தகைய அகமணம் தமிழகச் சமூகங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. உறவுக்குள் மணம் நிகழும் சூழலில், ஒரு வீட்டில் பலருக்குக் காணப்படும் நோய் பரம்பரை நோயாகக் கருதப்படுவது எளிது. அக்கருத்து மணப்பேச்சையும் மருத்துவத்தையும் ஒருங்கே பாதிக்கக்கூடியது.

பரம்பரை எனத் தோன்றிய தொற்று

இம்மயக்கம் அறிவியலாளருக்கும் நேர்ந்ததுண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதிநீரில் கண்ட புரதத்தை 1965இல் பரூச் புளூம்பெர்க் குழுவினர் அறிவித்தனர். அது குடும்பங்களில் சேர்ந்து காணப்பட்டமையால் ஒடுங்கு மரபுப்பண்பு என முதலில் கருதினர். முன்னர் அப்புரதம் இல்லாத ஒருவரிடம் பின்னர் அது தோன்றியதும், உடன் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதும் உண்மையை உணர்த்தின. அது ஹெபடைடிஸ் பி நச்சுயிரியின் மேலுறைப் புரதம்.

வயதும் மரபணுவும்

பிறப்பின்போது தாயிடமிருந்து இத்தொற்றைப் பெறும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்டதாகிறது; நலமுள்ள பெரியவர்களில் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. ஒரு தாயின் மக்கள் பலருக்கும் தொற்று அமைவதற்கு இதுவே போதிய காரணம்.

மரபணுவின் பங்கு இதற்கு அடுத்தது. நச்சுயிரியின் துணுக்குகளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ-டிபி மரபணுக்களின் மாறுபாடுகள் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் தொடர்புடையவை என 2009இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. ஐ.எல்.28பி மரபணுவின் அருகிலுள்ள மாறுபாடு ஹெபடைடிஸ் சி தானே நீங்கும் வாய்ப்பைக் கூட்டுவதும் அவ்வாண்டே வெளிப்பட்டது. இவை வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்வன. நச்சுயிரியின்றி நோயைத் தோற்றுவிப்பன அல்ல. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் தோன்றும் ஒடுங்குநிலை நோய்கள் அகமணத்தால் மிகக்கூடும். இத்தொற்று அவ்வகையினது அன்று.

முடிவுரை

குருதிவழி வருவது எதிர்ப்பாற்றலின் வேறுபாடே. நோய் தொற்றினால் வருவது. ஆதலின் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி உறுதியானால் குலவரலாற்றை ஆராய்வதினும் வீட்டார் அனைவரையும் பரிசோதிப்பதே பயனுடையது. தொற்றில்லாத வாழ்க்கைத்துணைக்குத் தடுப்பூசி பாதுகாப்பளிக்கும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் இடப்படும் தடுப்பூசி, பரம்பரை எனத் தோன்றும் அத்தொடரை அறுக்க வல்லது.