போறணையிற் சுட்ட உருளைக்கிழங்கு

சமையற் கலையிற் புதிதாகப் புகுவோர்க்கு முதற்பாடமாக அமையத்தக்க உணவுகள் மிகச் சிலவே. அவற்றுள் போறணையிற் சுட்ட உருளைக்கிழங்கும் ஒன்றாகும். அரிதலும் அரைத்தலும் தாளித்தலும் இதற்கு வேண்டா. கிழங்கு, சிறிது எண்ணெய், உப்பு, ஒரு மணி நேரப் பொறுமை என்பனவே வேண்டப்படுவன. வீட்டை விட்டு மேனாடுகளுக்குக் கல்வியின் பொருட்டுச் செல்லும் மாணாக்கர்க்கு மலிவும் நிறைவும் உள்ள இராவுணவாகவும் இது பயன்படும். இத்துணை எளிதாயினும், முதன்முறை சுடுவோர் பலர் மேலே கருகி நடுவே கடினமாய் நின்ற கிழங்கையோ, தோல் துவண்டு உள்ளே களியாய்ப் போன கிழங்கையோ பெற்று மனஞ்சலிப்பர். செய்முறையை மட்டும் மனனஞ் செய்து அதன் காரணத்தை அறியாமையே இதற்கு ஏதுவாகும்.

அக்காரணத்தைச் சுருங்கக் கூறின், போறணையுள் வைத்த கிழங்கொன்றில் இருவேறு சமையல்கள் ஒரே வேளையில் நிகழ்கின்றன. தோல் உலர்ந்த வெப்பத்திற் சுடப்படுகின்றது; உள்ளீடோ தன்னகத்துள்ள நீரிலேயே அவிகின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவர்க்குச் செய்முறையின் ஒவ்வொரு படியும் தானே விளங்கும்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாடாகும். அங்குள்ள உழவர், அறுவடை முடிந்த நிலத்திலேயே காய்ந்த மண்கட்டிகளைக் கூம்பாக அடுக்கி, உள்ளே நெருப்பிட்டு, மண் நன்கு கனன்றபின் கிழங்குகளை இட்டு, அக்கூம்பை அவற்றின்மீதே சரித்து மூடிச் சுடுவர். இம்மண் போறணைக்கு 'உவாத்தியா' என்பது பெயர். இலண்டன் மாநகரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுட்ட கிழங்கு வீதியுணவாக விளங்கியமையை, 1851 ஆம் ஆண்டளவில் வெளிவந்த என்றி மேகியூவின் நூல் எடுத்துரைக்கின்றது. பிரித்தானியர் இன்றும் இதனைச் 'சட்டையணிந்த கிழங்கு' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த யக்கிமாப் பள்ளத்தாக்கில், அளவிற் பெருத்த கிழங்குகளை வாங்குவார் இன்மையாற் பன்றிகளுக்கு இட்டு வந்தனர். வடபசிபிக் புகையிரதப் பகுதியின் உணவுவண்டிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஏசன் தைற்றசு என்பார், அக்கிழங்குகளை மெல்லிய வெப்பத்திற் சுட்டாற் சுவை மிகும் எனக் கண்டு, 1909 ஆம் ஆண்டு முதல் அவற்றைப் பயணிகளுக்குப் பரிமாறச் செய்தார். பின்னர் அப்புகையிரதப் பாதையே பெரிய சுட்ட கிழங்கின் பாதை என விளம்பரஞ் செய்யப்பட்டது. பயனற்றதெனத் தள்ளப்பட்ட பொருள், தக்க முறையிற் சமைத்ததனால் மதிப்புப் பெற்றது என்க.

இனி, கிழங்கின் அமைப்பை நோக்குவோம். அதன் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீராகும். எஞ்சியதிற் பெரும்பகுதி மாப்பொருள். இம்மாப்பொருள் நுண்ணிய மணிகளாகக் கலங்களுள் அடங்கியுள்ளது. வெப்பம் 60 சதமபாகையை அண்மிக்கும்போது மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கத் தொடங்கும். வெப்பம் மேலும் உயரக் கலங்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பொருள் நெகிழும். அதனாற் கலங்கள் தனித்தனியே பிரிந்து, உண்பவர் நாவில் மாவாய் உதிரும். இம்மாற்றம் முற்றுப்பெற நடுப்பகுதி 95 பாகைக்கு மேல் வெப்பமடைதல் வேண்டும். ஆயினும் அது 100 பாகையைத் தாண்டுவதில்லை. நீர் உள்ளவரை வெப்பம் அதனை ஆவியாக்குவதிலேயே செலவாகும் ஆதலின், போறணை 200 பாகையில் எரியினும் உள்ளீடு நீரின் கொதிநிலையிலேயே நிற்கும். தோலின் நிலை வேறு. அதன் ஈரம் விரைவில் வற்றிவிடுவதால் வெப்பம் உயர்ந்து, அது பொன்னிறமும் மொறுமொறுப்பும் நறுமணமும் பெறுகின்றது.

இவ்வுண்மையிலிருந்து கிழங்கைத் தெரிவு செய்யும் முறை பெறப்படும். மாப்பொருள் மிகுந்து நீர் குறைந்த கிழங்கே சுடுதற்கு ஏற்றது. நீர் மிகுந்த கிழங்கு அவித்துத் துண்டாக்குவதற்கு நன்று, சுட்டாலோ பிசுபிசுப்பாகும். இருவகையையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு நீரிற் கரைத்து அதிற் கிழங்குகளை இடுக. அடர்த்தி மிக்க மாக்கிழங்கு அமிழும், நீர்க்கிழங்கு மிதக்கும். ஒன்று 200 முதல் 250 கிராம் வரை நிறையுள்ளனவாய், அளவில் ஒத்தனவாய் எடுத்தல் நலம். அளவு வேறுபடின் சிறியது உலரும்போது பெரியது வேகாதிருக்கும்.

செய்முறை வருமாறு. போறணையை முன்னரே 200 பாகைக்குச் சூடேற்றுக. கிழங்கின் மண்ணைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரமற ஒற்றுக. ஈரத்தோடு வைத்தால், அந்நீர் வற்றும்வரை தோல் சுடப்படாது அவிந்துகொண்டிருக்கும். முள்ளுக்கரண்டியால் நான்கைந்து இடங்களிற் குத்துக. உள்ளே பிறக்கும் ஆவிக்கு இத்துளைகள் வழியாகும். குத்தாத கிழங்கு அருமையாகவேனும் வெடித்துப் போறணையை அழுக்காக்கும். சிறிது எண்ணெயைத் தோலெங்கும் தடவி உப்பைத் தூவுக. பின்னர்க் கிழங்குகளைத் தட்டில் நெருக்கி அடுக்காமல், கம்பித்தட்டின்மீது இடைவெளிவிட்டு வைக்குக. சூடான காற்று எப்பக்கமும் சூழ்ந்து வருதல் இதனாற் கைகூடும்.

மேற்கூறிய நிறையுள்ள கிழங்கு வேக ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். பெரிய கிழங்குக்கு ஒன்றேகால் மணியோ அதற்கு மேலோ செல்லும். அவசரத்தால் வெப்பத்தைப் பெரிதும் கூட்டுதல் பயன்தராது. வெப்பம் தோலிலிருந்து நடுவிற்கு மெல்ல மெல்லவே பரவுமாதலின், மேற்புறம் கருகுமேயன்றி நடுப்பகுதி விரைந்து வேகாது. கடிகாரத்தை மட்டும் நம்புதலும் தகாது. மெல்லிய கத்தியை நடுவரை செலுத்தும்போது தடையின்றிச் செல்லுமாயின் கிழங்கு வெந்தது என அறிக. துணியாற் பற்றி அழுத்தும்போது இணங்கிக் கொடுத்தலும் அதற்கு அடையாளமாகும்.

வெந்த கிழங்கை எடுத்தவுடன் பிளத்தல் வேண்டும். புதியவர் பெரும்பாலும் மறப்பது இப்படியையே. மேலே சிலுவைக் குறிபோற் கீறி, இருபுறமும் துணியாற் பிடித்து உள்நோக்கி அழுத்தினால், அடைபட்டிருந்த ஆவி வெளியேறும்; உள்ளீடு பஞ்சுபோல் மலரும். பிளவாது வைத்தால் அவ்வாவி குளிர்ந்து நீராகி, மலர்ந்த மாவை மீண்டும் இறுகச் செய்யும். வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் என்பன சேர்த்துச் சூடாக உண்பது மரபு. தேங்காய்ச் சம்பலோ பருப்புக் கறியோ துணையாயினும் சுவை குன்றாது.

அலுமினியத் தாளிற் பொதிந்து சுடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஆவியை வெளியேற விடாது அடைப்பதால், தோல் மொறுமொறுப்படையாது நனைந்த தாள்போலாகும். இது சுவைக்கேடு மாத்திரமன்று. மண்ணில் வாழும் பொட்டுலினப் பற்றீரியாவின் வித்திகள் 100 பாகை வெப்பத்தில் அழிவதில்லை. தாளால் மூடிய கிழங்கில் ஈரமும் உண்டு, ஒட்சிசனோ குறைவு. சுட்டபின் அப்படியே அறை வெப்பத்தில் வைத்தால் அவ்வித்திகள் முளைத்து, நரம்புகளைத் தாக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கும். 1994 ஆம் ஆண்டில் டெக்சாசு மாநிலத்து எல் பாசோ நகரில், இவ்வாறு தாளோடு நாட்கணக்கில் வைத்த சுட்ட கிழங்கினால் ஆக்கிய உணவை உண்டு 30 பேர் நோயுற்றனர். ஆதலின் மிஞ்சிய கிழங்கை, தாள் இருப்பின் அகற்றிவிட்டு, விரைவிற் குளிர்பெட்டியில் வைத்தல் கடமையாகும்.

பச்சை நிறம் படர்ந்த கிழங்கும் விலக்கத்தக்கது. வெளிச்சம் படுதலாற் பச்சையம் தோன்றுகின்றது. பச்சையம் தீங்கற்றதாயினும், அதே வெளிச்சத்தாற் சொலனீன் முதலிய கைப்பு நஞ்சுகளும் மிகுகின்றன. இவை போறணையின் வெப்பத்தாற் பெரிதும் அழிவதில்லை. தென்கிழக்கு இலண்டனிற் பாடசாலையொன்றில் முன்தவணையில் எஞ்சிய கிழங்கைச் சமைத்துண்ட 78 மாணவர் நோயுற்றமையும், அவருள் 17 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டமையும், பின்னர் யாவரும் குணமடைந்தமையும் 1979 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டுரையொன்றிற் பதிவாகியுள்ளன. கிழங்கை இருளும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்துப் பேணுக. பச்சை கிழங்கு முழுதும் பரவியிருப்பினும், உண்ணும்போது கைப்புத் தோன்றினும் அதனை எறிந்துவிடுக. சமைக்காத கிழங்கைக் குளிர்பெட்டியில் நெடுநாள் வைத்தலும் சுடுதற்கு உகந்ததன்று. கடுங்குளிரில் மாப்பொருளின் ஒரு பகுதி வெல்லமாக மாறி, கிழங்கு இனித்து, சுடும்போது விரைந்து கருநிறமடையும்.

இவ்வாறு நோக்கின், ஈரம் ஒற்றுதல், குத்துதல், கம்பித்தட்டில் வைத்தல், உடனே பிளத்தல், தாளை விலக்குதல் ஆகிய ஐந்தும் தனித்தனி விதிகள் அல்ல; கிழங்கின் நீரை எங்கே போக்குவது, எங்கே நிறுத்துவது என்னும் ஒரே கருத்தின் ஐந்து கூறுகளாம். அக்கருத்தைப் பற்றிக்கொண்டவர் வேறொரு போறணையிலும், வேறோர் இனக் கிழங்கிலும், வேறொரு நாட்டிலும் தடுமாறார். சமையலறையிற் புகும் மாணாக்கர்க்கு விதியை விடக் காரணமே நெடுந்தூரம் துணைவரும்.