மடியில் வந்த கீரை

புரட்டாசி மழைக்குப் பிறகு கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் களையெடுக்கப் போகும் பெண்கள் மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் நடுவே தானாக முளைத்த பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாம் மடியில் கலந்து கிடக்கும். விதை போட்டவரும் இல்லை, தண்ணீர் கட்டியவரும் இல்லை. சின்ன வெங்காயம், வரமிளகாய் சேர்த்து மண்சட்டியில் வேகவைத்துக் கடைந்தால், ராகிக் களிக்கு அதைப்போல் இன்னொன்று கிடையாது.

இந்தக் கீரைகளைத் தேடி இப்போது நகரத்துப் பெண்கள் சிலர் விடுமுறை நாளில் வரப்புக்கும் ஏரிக்கரைக்கும் வருகிறார்கள். செடியை அடையாளம் காணவும், கைமருந்து கற்கவும், கொஞ்ச நேரமாவது செல்போனை மறந்து மனதை ஓரிடத்தில் நிறுத்தவும் வருகிறார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் அவர்கள் தேடும் ஆசிரியர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். கூலிக்குக் களையெடுக்கும் அந்தப் பெண்களுக்கு மண்ணோடு உறவு ஒருநாளும் அறுந்ததில்லை.

அவர்களை ஆசிரியர்களாக நாம் நினைக்காததன் காரணம் மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிற, கிணைப்பறை கொட்டும் குடிப் பெண், பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்த பிறகே சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையோடு ஒட்டிக்கொண்ட அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மகளாவது கடையில் வாங்கிச் சாப்பிடட்டும் என்று, தெரிந்ததைச் சொல்லித் தராமலே விட்ட தாய்மார்கள் உண்டு.

இத்தனைக்கும் அது லேசான படிப்பு அல்ல. முடக்கத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த சிறு பைபோலக் காய் தொங்கும். முற்றியதை உடைத்தால், கறுப்பு விதையின் மேல் வெள்ளையாக ஓர் இதய வடிவம் தெரியும். அதைப் பார்த்தவர் வேறு கொடியை முடக்கத்தான் என்று பறிக்க மாட்டார். தூதுவளையின் தண்டில் மட்டுமல்ல, இலையிலும் முள் உண்டு; கவனம் சிதறினால் விரல் சொல்லிவிடும். தியான வகுப்பில் பழக்கித் தருகிற ஒருமுகம் களையெடுக்கும் பெண்களுக்கு வேலையிலேயே கூடிவருகிறது.

அந்தக் கவனம் இல்லாமல் பறிக்கக் கூடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அதை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு இலங்கையில் உயிரிழந்தவர்கள் உண்டு. கைமருந்துக்கும் எல்லை இருக்கிறது. கண் மஞ்சளானால் கீழாநெல்லியை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கற்றுக்கொள்கிறவர் கைம்மாறு செய்ய வேண்டும் என்பதற்கு அகத்தியமலை வழி காட்டியிருக்கிறது. 1987-இல் அங்கே போன ஆய்வாளர்கள், வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடியினர் களைப்புத் தீர மென்ற காயைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத் தொகையிலும் உரிமப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. அதே காணி இனத்தைச் சேர்ந்த, திருவனந்தபுரம் மாவட்டம் கல்லாறு லட்சுமிக்குட்டியம்மா, தாயிடம் கற்ற மருத்துவத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நம் ஊர்களில் இந்தப் படிப்பு சத்தமில்லாமல் அழிகிறது. களைக்கொல்லி தெளித்த காட்டில் களையும் இல்லை, கீரையும் இல்லை, களையெடுக்க வரும் பெண்களும் இல்லை. கீரையின் பேர் சொல்ல ஆளில்லாமல் போகும் முன்பே அதை எழுதி வைத்தாக வேண்டும். அதற்குச் சட்டமே இடம் தருகிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். ஊர்ச் செடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் அந்த ஊர் மக்களிடம் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

கீரை பறிக்கப் போகும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குச் செடி காட்டும் அம்மாவுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், அந்தப் பதிவேட்டில் அவர் சொல்லும் கீரைகள் ஏறியிருக்கின்றனவா என்று கேளுங்கள்.