கப்பல் ஏறிய பைக்... கரை இறங்கிய கிறுகிறுப்பு!

"மாமா, கப்பலை விட்டு இறங்கி மூணு மணி நேரமாச்சு. இன்னும் தரை ஆடுது. கண்ணை மூடினா படுக்கையோட சேர்ந்து மேலே போய்க் கீழே வர்ற மாதிரி இருக்கு. எனக்கு மூளையில ஏதாவது ஆயிடுச்சா?"

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பர் கடைசியில் ஸ்பெயின் நாட்டின் சான்டாண்டர் துறைமுகத்திலிருந்து எனக்கு வந்த டெலிபோன் இது. பேசியது என் அக்கா மகன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வேலை. பைக் என்றால் உயிர். கூட வேலை பார்க்கும் மூன்று பேருடன் பைக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் மலைகளில் சுற்றக் கிளம்பியிருந்தான். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் ஷெங்கன் விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே அலைந்து வாங்கினான். பைக்குக்கு ஆயில், டயர், பிரேக் எல்லாம் சரிபார்த்தான். தன் வயிற்றையும் காதையும் மட்டும் சரிபார்க்க மறந்துவிட்டான்!

(என் அக்கா இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர். ஆகவே அவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். 'எழுதுங்க மாமா, அம்மாவுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கோங்க' என்று விட்டான்.)

இங்கிலாந்து தீவு நாடு. அங்கே பைக் வைத்திருப்பவர் வெளிநாட்டுச் சாலையில் தன் வண்டியில் போக வேண்டுமானால், ஒன்று கடலுக்கு அடியில் சுரங்க ரயிலில் வண்டியை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கார் ஃபெர்ரி. கார், லாரி, பைக் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு போகிற பெரிய கப்பல் அது. டோவரிலிருந்து பிரான்சின் கலே வரை என்றால் ஒன்றரை மணி நேரம்தான்; ஒரு காபி குடிப்பதற்குள் வந்துவிடும். பிளைமவுத்திலிருந்து சான்டாண்டருக்கு அப்படியில்லை. 1978-ல் தொடங்கிய தடம் இது. சுமார் 20 மணி நேரப் பயணம். மதியம் ஏறினால், ராத்திரி முழுக்க பிஸ்கே விரிகுடாவில். மறுநாள் பகலில்தான் கரை.

அந்த விரிகுடாவின் பேரைச் சொன்னாலே அனுபவஸ்தர்கள் முகம் மாறும். பிரான்ஸ் கரையோரம் சுமார் 200 மீட்டர் ஆழமுள்ள கடல், கொஞ்ச தூரத்தில் 4000 மீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். மேற்கே அட்லாண்டிக் முழுவதும் உருண்டு வருகிற நீண்ட அலைகள், தெற்கே போகும் கப்பலைப் பக்கவாட்டில் தூக்கும். கப்பலின் இரு புறமும் மீன் துடுப்பு போல 'ஸ்டெபிலைசர்' இருக்கிறது. அது பக்கவாட்டு உருளலைத்தான் குறைக்கும். கப்பல் மொத்தமாக மேலே ஏறி இறங்குவதை அதனால் நிறுத்த முடியாது. குமட்டலைக் கிளப்புவதோ அந்த ஏற்ற இறக்கம்தான். சுமார் 5 விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் மெதுவான அசைவுதான் மனிதனை மிகவும் படுத்துகிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அதைவிட வேகமாகக் குலுங்கினால்கூட இவ்வளவு வராது.

சரி, மணிக்கணக்கில் வளைந்து நெளிந்து பைக் ஓட்டுகிறவனுக்கு ஏன் வாந்தி?

நம் உள்காதில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள் பதித்த இரண்டு சிறு பைகள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது, ஏறுகிறது என்று மூளைக்குத் தகவல் சொல்வது இவைதான். கண்ணும் தன் பங்குக்குத் தகவல் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் தொல்லை இல்லை. பைக் ஓட்டுகிறவன் வளைவில் சாய்வதற்கு முன்பே 'சாயப்போகிறேன்' என்பது அவன் மூளைக்குத் தெரியும். கொடைக்கானல் பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம் தலையை நீட்டிக்கொண்டிருக்க, டிரைவர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு பாட்டு கேட்கிறாரே... அதே கதைதான்! கப்பலில் ஏறியதும் நம் பையன் டிரைவர் இல்லை, பின்சீட்டுக்காரன். கேபினுக்குள் சுவர் அசையாமல் நிற்கிறது என்கிறது கண். 'இல்லையில்லை, ஆடுகிறோம்' என்கிறது காது. இந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. உள்காதின் இந்த உறுப்பு அறவே வேலை செய்யாதவர்களுக்குக் கடல் குமட்டல் வருவதே இல்லை என்பது 19-ம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்ட விஷயம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை இந்த உபத்திரவம் இருந்தது. குமட்டலுக்கு டாக்டர்கள் சொல்லும் 'நாஸியா' என்ற வார்த்தையே, கப்பலைக் குறிக்கும் 'நௌஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். சித்த மருத்துவத்தில் இதைப் பித்தம் மீறிய குறிகளாகப் பார்க்கிறோம். வாயில் நீர் ஊறுதல், கொட்டாவி, முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, கிறுகிறுப்பு, பிறகு ஓங்கரிப்பு. வரிசை மாறாமல் வரும்.

மறுபடி பையனிடம் வருகிறேன். துறைமுகத்தில் பைக்குகளுக்குத் தனி வரிசை. மழைத் தூறலில் கனத்த ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட்டோடு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு ஈரமான இரும்புச் சரிவில் ஏற்றம். இங்கேதான் பலர் வண்டியோடு சரிவார்களாம். உள்ளே போனதும் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டின் மேல் மெத்தை போட்டு, பட்டை வாரால் தரையிலுள்ள கொக்கியில் இழுத்துக் கட்ட வேண்டும். சில கப்பல்களில் சிப்பந்திகள் கட்டுவார்கள். சிலவற்றில் வாரை நீட்டிவிட்டு 'நீயே கட்டு' என்பார்கள். குனிந்து குனிந்து, டீசல் புகையில், தோல் ஜாக்கெட்டுக்குள் வேர்த்து வழிய இந்த வேலை. கப்பல் நகர்வதற்கு முன்பே உடம்பில் நீர் குறைந்துவிட்டது, கவனித்தீர்களா?

அதன் பிறகு பயணிகள் எல்லோரும் மேலே போக வேண்டும். கப்பல் ஓடும்போது வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மறந்த சாமானை எடுக்க இறங்க முடியாது. அக்கா இடித்துச் சலித்து அனுப்பிய சுக்குப்பொடி பாட்டில் எங்கே இருந்தது தெரியுமா? பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில், பூட்டிய கதவுக்குக் கீழே! "ராத்திரி பூரா அந்த பாட்டிலையே நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாமா" என்றான்.

ராத்திரி எண்ணெயில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், இரண்டு கிளாஸ் பீரும். பிறகு செல்போனில் மறுநாள் போகும் மலைப்பாதையின் மேப்பை உற்று உற்றுப் பார்த்திருக்கிறான். 11 மணிக்கு வாயில் நீர் ஊற, 12 மணிக்கு முதல் வாந்தி. நண்பன் ஒரு மாத்திரை கொடுத்தான். அதுவும் வெளியே வர, 2 மணிக்கு இன்னொன்று. 4 மணிக்கு மற்றொரு நண்பன் 'இது அதைவிட நல்லது' என்று வேறு ஒரு ஜாதி மாத்திரை. பொழுது விடிகிற நேரத்தில் கொஞ்சம் அடங்கியது. மதியம் கரை. ஒலிபெருக்கி அழைத்ததும் கீழே போய், வெறும் வயிற்றோடு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் ஸ்பெயினில் சாலையின் வலது பக்கம் போக வேண்டும். நம்மைப் போல இங்கிலாந்திலும் இடது பக்கம்தான் பழக்கம். ரவுண்டானாவைக்கூட எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். முதல் ரவுண்டானாவில் முன்னே போன நண்பனைப் பார்த்து ஒட்டிக்கொண்டான். இரண்டாவதில் சிவப்பு விளக்கு. வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினான். தரை ஆடியது! 200 கிலோவுக்கு மேலுள்ள வண்டி அவனோடு சேர்ந்து சரிந்தது. பின்னால் வந்த வேன் அரை அடியில் நின்றதாம். கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. அரை அடி என்பது எவ்வளவு என்று உங்கள் கையால் அளந்து பாருங்கள். நான் அன்று ராத்திரி பல தடவை அளந்தேன்.

பையன் அசட்டையானவன் இல்லை. ஆனால் நடந்ததற்குக் காரணம் மூன்று இருந்தது. இந்த மூன்றும் அவனுக்குத் தெரியாது.

முதலாவது, மாத்திரை. கடல் குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையை மந்தமாக்கிவிடும். உள்ளே போனதைக் குடலுக்குத் தள்ளாது. மாத்திரை உறிஞ்சப்படுவது குடலில்தான். ஆகவே வாந்திக்கு நடுவில் விழுங்கியது வெளியே வரும், அல்லது வயிற்றிலேயே கிடக்கும். கப்பல் ஓய்ந்து, வயிறு மறுபடி இயங்க ஆரம்பிக்கும்போதுதான் ரத்தத்தில் கலக்கும். ராத்திரி வேண்டியிருந்த மருந்து, பையன் ஹெல்மெட் மாட்டும் நேரத்தில் வேலை செய்தால் எப்படி இருக்கும்? இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கத்தை வரவழைப்பவை. புரோமெத்தசின் ரொம்பவே, சின்னாரிசின் சற்றுக் குறைவு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் பட்டையும் உண்டு. அது வாயை உலர்த்தும், பார்வையை மங்கலாக்கும். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ஒட்டிய கையோடு கண்ணைக் கசக்கினால் பாப்பா விரிந்து வெளிச்சத்தில் கூசும். பைக் ஓட்டுகிறவனுக்கு இது எவ்வளவு ஆபத்து!

அலோபதி மாத்திரையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிஸ்கே போன்ற கடலுக்கு அது தேவைப்படலாம். ஆனால் புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்பே, ஒரே வகையை மட்டும், அட்டையில் எழுதிய அளவில். அதைவிட முக்கியம், ஊரில் ஒரு லீவு நாளில் அதே மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்து, தனக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்வது.

இரண்டாவது, கரை ஆட்டம். மூளை ராத்திரி முழுக்கக் கப்பலின் தாளத்துக்குப் பழகப் பார்த்தது. முழுதாகப் பழக 2, 3 நாள் ஆகும். மாலுமிகளுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. ஃபெர்ரியில் போகிறவனுக்கு இல்லை. பாதி பழகிய மூளை, கரையிலும் அதே தாளத்தைப் போடும். வேடிக்கை என்னவென்றால் வண்டி ஓடும்போது இந்த ஆட்டம் அடங்கிவிடுவதுண்டு, நின்றால்தான் தெரியும். 'ஓட்டும்போது நல்லாத்தான் இருந்தேன், சிக்னல்ல நின்னப்போதான்...' என்று பையன் சொன்னதற்குக் காரணம் இதுதான். நான்கு சக்கரக் காரில் வந்தவனுக்கு இது வெறும் கிறுகிறுப்பு. இரண்டு சக்கரக்காரனுக்குக் கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் கண்டம்.

மூன்றாவது, நீரும் உப்பும் போய், தூக்கமும் போன உடம்பு. போதாததற்கு ஸ்பெயின் கடிகாரம் இங்கிலாந்துக்கு ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. பீர் விஷயமும் உண்டு. இங்கிலாந்தில் அனுமதிக்கும் அளவைவிட ஸ்பெயினிலும் பிரான்சிலும் ரத்தத்தில் மதுவின் வரம்பு குறைவு. ராத்திரி நிறையக் குடித்தது காலையிலும் ரத்தத்தில் மீதி இருக்கும்.

திரும்பி வரும் பயணத்துக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தோல் சீவிய சுக்கின் பொடி, சுமார் 1 கிராம், அதாவது அரை டீஸ்பூன், கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு வெந்நீரில். 1988-ல் டென்மார்க்கில் 80 கடற்படை மாணவர்களிடம் நடுக்கடலில் சோதித்தபோது, இதே 1 கிராம் இஞ்சிப் பொடி வாந்தியையும் குளிர் வியர்வையையும் குறைத்தது. எல்லாச் சோதனைகளும் இப்படிச் சாதகமாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் கேட்கும் என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். ஆனால் தூக்கம் வராது; பைக்காரனுக்கு அதுவே பாதி வெற்றி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொடியாகக் கொண்டுபோனால் லேபிள் ஒட்டிய டப்பாவில் வையுங்கள். பெயரில்லாத பொட்டலத்தைப் பார்த்துச் சுங்க அதிகாரி கேட்கும் கேள்விகளுக்குச் சுக்கில் மருந்தில்லை! ஏலாதி சூரணமும் இதற்கு நல்லது. வைத்தியரைப் பார்த்து அளவு கேட்டு வாங்குங்கள்.

டப்பா இருக்க வேண்டிய இடம் ஜாக்கெட் பை. சாப்பாடு ரொட்டி, வாழைப்பழம், உப்பு பிஸ்கெட். வெறும் வயிறும் கூடாது, பொரித்ததும் கூடாது. கேபின் எடுத்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். அங்கேதான் ஆட்டம் குறைவு. ஒன்று, மேல்தளத்தில் காற்றில் நின்று அடிவானத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மல்லாந்து படுத்துத் தலையை அசைக்காமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் செல்போன் கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து வாய் வாயாகக் குடிக்கலாம்.

கரை வந்ததும் வண்டித் தளத்தில் அவசரப்பட்டு எஞ்சினைக் கிளப்பாதீர்கள். மூடிய இடத்தில் புகை சூழ்ந்தால் அதுவே தலைவலியும் குமட்டலும் தரும். முன்னால் உள்ள வண்டி நகர்ந்த பிறகு கிளப்பினால் போதும். ராத்திரி மோசமாகப் போயிருந்தால், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துச் சில மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் சாலை. அறை வாடகையைப் பற்றி பையன் முணுமுணுத்தான். வேனுக்கும் அவனுக்கும் இடையே இருந்த அந்த அரை அடியை ஞாபகப்படுத்தினேன்.

திரும்பும்போது குமட்டியது, வாந்தி இல்லை. பிளைமவுத்தில் இறங்கி ஒரு கடையில் டீ குடித்து, ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினானாம். தரை ஆட்டம் அன்று சாயந்திரமே நின்றுவிட்டது. சாதாரணமாகச் சில மணி நேரத்தில், அதிகம் போனால் 2 நாளில் போய்விடும். அரிதாகச் சிலருக்கு வாரக் கணக்கில் நீடிக்கும். அப்படி ஒரு மாதத்தைத் தாண்டினாலோ, கூடவே காது மந்தம், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இருந்தாலோ அதைச் சாதாரணக் கப்பல் ஆட்டம் என்று விட்டுவிடக் கூடாது. சுக்கும் வேண்டாம், சூரணமும் வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பார்த்துவிட வேண்டும். கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே.