ஈர்ப்பு அலையில் ஏறிப் போகலாமா?

புரோத்ராபூர் மக்களுக்கு அலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமான் கரையைத் தாக்கியது. ஆழ்கடலிலோ சுனாமி படகைச் சற்றே தூக்கி இறக்கும். அலை போய்விடும். படகு அங்கேயே நிற்கும்.

வானவெளியிலும் அலை உண்டு. கனமான விண்பொருள்கள் மோதினால் வெளியே நெளியும். இதுவே ஈர்ப்பு அலை. 1916இல் ஐன்ஸ்டீன் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் இதை முதலில் உணர்ந்தன. இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்த அலை அது. சுமார் 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து பூமிக்கு வந்தது.

இதில் ஏறி விண்மீனுக்குப் போகலாமா? ஆசைதான். ஆனால் முடியாது. இந்த அலை பொருளைத் தள்ளிக்கொண்டு போகாது. இடைவெளியைக் கொஞ்சம் நீட்டும், சுருக்கும், கடந்துவிடும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? லைகோவில் 4 கிலோமீட்டர் தள்ளித் தொங்கும் கண்ணாடிகள் அசைந்தது, ஓர் அணுவின் அளவில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை!

1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், மிக அருகிலுள்ள விண்மீனின் தூரத்தைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். அந்தப் பயணத்துக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

ஆனால் ஈர்ப்பு அலை செய்தி கொண்டுவரும். அதைக் கேட்க மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா அமைக்க, 2023இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது.