எல்லை தெரியாத ஈ

கன்று பிறந்து தொப்புள் ஈரம் காய்வதற்குள் ஈ வந்து உட்கார்ந்துவிடும். ஒரு தடவைக்கு 200 முட்டைக்கு மேல். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சாதாரணப் புழு அழுகிய சதையைத் தின்னும். இந்தப் புழுவோ உயிருள்ள சதையைத் திருகாணிபோலக் குடைந்து உள்ளே போகும். புண்ணின் வாடைக்கு மேலும் ஈக்கள் வரும். மருந்து போடாமல் விட்டால் வளர்ந்த மாடே ஓரிரு வாரத்தில் செத்துப்போகும். திருகுப்புழு ஈ என்று இதற்குப் பெயர். அமெரிக்கக் கண்டங்களே இதன் பூர்வீகம். மனிதனின் புண்ணையும் விட்டுவைக்காது.

டெக்சாஸ் பண்ணைகளில் இதன் கொடுமையைக் கண்ட அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி எட்வர்ட் நிப்ளிங், ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் இணைசேரும். அந்த ஒரு முறையும் மலட்டு ஆணோடு சேர்ந்தால்? முட்டை பொரியாது. கோடிக்கணக்கில் மலட்டு ஈக்களை வளர்த்துப் பறக்கவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இனம் சுருங்கும். சக விஞ்ஞானி ரேமண்ட் புஷ்லாந்து, கூட்டுப்புழுக்களைக் கதிர்வீச்சில் மலடாக்கும் வழியைக் கண்டார்.

முதல் சோதனை புளோரிடாவின் சானிபெல் தீவில். ஈக்கள் குறைந்தன, ஒழியவில்லை. எதிர்க்கரையிலிருந்து புதியவை பறந்து வந்தன. வெனிசுலா கரையிலிருந்து தள்ளியிருக்கும் குராசோ தீவில் 1954-இல் செய்தபோது, சில மாதங்களில் ஈயே இல்லை. மருந்தே தெளிக்காமல் ஓர் இனத்தை ஒரு தீவிலிருந்து துடைத்தெறிந்தது, பூச்சி ஒழிப்பு வரலாற்றில் ஈடில்லாத சாதனை.

சானிபெல்லின் பாடம் அமெரிக்காவுக்குப் பெரிய அளவில் திரும்ப வந்தது. மலட்டு ஈ முறையால் 1966-இல் நாடு ஈயற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மெக்சிகோவில் ஈ இருந்தது. 1972-இல் தென்மேற்கு மாநிலங்களில் பல்லாயிரம் மாடுகளுக்குப் புழு வைத்தது. தன் வீட்டை மட்டும் பெருக்கிப் பயனில்லை என்று புரிந்த ஆண்டு அது. இரு நாடுகளும் கூட்டு ஆணையம் அமைத்தன. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் வாரத்துக்கு 50 கோடி ஈக்களை வளர்க்கும் ஆலை எழுந்தது. 1991-இல் மெக்சிகோ விடுபட்டது. பிறகு குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா என்று ஒவ்வொன்றாகத் தெற்கே இறங்கி, 2006-இல் பனாமாவும் விடுபட்டது.

இதற்கிடையே 1988-இல் ஈ லிபியாவில் முளைத்தது. பக்கத்து நாடுகளுக்கும் பரவினால் ஆப்பிரிக்கக் கால்நடைகளின் கதி என்னவாகும்? மெக்சிகோ ஆலையில் வளர்ந்த கூட்டுப்புழுக்கள் விமானத்தில் கடல் கடந்து போயின. ஈ அங்கேயே ஒழிந்தது.

தென் அமெரிக்காவில் ஈ இன்னும் இருக்கிறது. அதனால் கண்டம் ஒடுங்கும் பனாமாவின் டேரியன் காட்டில் மலட்டு ஈக்களை வாரம் தவறாமல் வானிலிருந்து தூவி, வேலி போட்டிருந்தார்கள். 2023-இல் அந்த வேலி உடைந்தது. முறையான சோதனையில்லாமல் லாரிகளில் நகர்ந்த மாடுகளும் ஈயைச் சுமந்தன. 2024 நவம்பரில் மெக்சிகோ. உடனே அமெரிக்கா அந்நாட்டு மாடுகளுக்குக் கதவடைத்தது.

சியாபாஸின் பழைய ஆலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஈ போய்விட்டது, இனி செலவு எதற்கு என்ற கணக்கு. எல்லைக்கு அப்பால் ஈ உயிரோடிருக்கும்வரை போட்டிருக்கக் கூடாத கணக்கு. 2025-இல் அதே சியாபாஸில், மெட்டாபா ஊரில், பழ ஈக்களை மலடாக்கி வந்த ஆலையைத் திருகுப்புழு ஈக்களுக்காக மாற்றும் வேலையை இரு நாடுகளும் கையிலெடுத்தன. இலக்கு, வாரத்துக்கு 6 கோடி முதல் 10 கோடி ஈக்கள்.