படம் கீறுகிறவரும் பெட்டி தூக்குகிறவரும்

ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பெரிய பொருட்கிடங்கு. எங்கட ஆட்கள் நிறையப் பேர் இரவு ஷிப்ட் செய்யும் இடம். சில வருடங்களுக்கு முன்னர் அங்கே வேலைகள் எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும் என்று படமாகக் கீறிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் ஒன்று, சேதமான பெட்டி கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பது. தனியாக எடுத்து வை, சுப்பர்வைசரிடம் அனுமதி வாங்கு, அவர் ஓம் என்றால் மாற்றிக் கட்டி லொறியில் ஏற்று. படத்தில் நாலு கட்டம், ஒரு சாய்சதுரம், கொஞ்ச அம்புக்குறிகள். அவ்வளவுதான்.

ஆனால் கணினிப் பதிவுகளைப் பார்த்தால் கணக்கு இடித்தது. லொறி காலை 5 மணிக்குப் புறப்பட்டிருக்கும். அனுமதி 8 மணிக்குப் பதிவாகியிருக்கும். 'அனுமதி இல்லாமலே சரக்கு ஏற்றுகிறார்கள்' என்று அறிக்கையில் எழுதவே வெளிக்கிட்டேன். அதற்கு முதல் ஒரு இரவு நேரில் போய்ப் பார்ப்பம் என்று போனது நல்லதாய்ப் போச்சு. அங்கே பதினைந்து வருடமாக நிற்கிற அண்ணை ஒருவர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உந்தப் படம் வடிவாத்தான் இருக்கு. ஆனா இரவில இஞ்ச சுப்பர்வைசர் ஆர் நிக்கினம்?" என்று கேட்டார்.

உண்மைதான். அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ள எவரும் இரவில் அந்தக் கட்டடத்தில் இல்லை. பொடியள் பெட்டியைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். சுப்பர்வைசர் வீட்டில் நித்திரையால் எழும்பி ஒரு கட்டைவிரல் அடையாளம் போடுவார். பெட்டி லொறியில் ஏறும். காலையில் அவர் வந்து கணினியில் பதிவார். ஒருவரும் களவு செய்யவில்லை. வேலை ஓடிக்கொண்டிருந்தது அந்தக் குழுவால்தான். என் படத்தில்தான் அதற்கு இடம் இல்லை.

இது புதிய பிரச்சினை இல்லை. இந்தப் படங்களுக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரியான குறியீட்டு முறை இருக்கிறது. பி.பி.எம்.என். என்பார்கள். அதன் இரண்டாம் பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில், பேஸ்புக் எல்லோர் கைக்கும் வந்துவிட்டதால், 'இந்தப் படங்களுக்குள்ளும் லைக், கொமென்ட், பின்தொடர்தல் எல்லாவற்றையும் வைத்தால் என்ன?' என்று மென்பொருள் கொம்பனிகள் யோசிக்கத் தொடங்கின. எஸ்.ஏ.பி. ஆய்வாளர்கள் 2009இல் கூகுள் வேவ் மேல் கிராவிட்டி என்ற பரிசோதனைக் கருவி ஒன்றைச் செய்தார்கள். பல பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் கீறலாம். அடுத்த வருடமே கூகுள் வேவை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. 2010இல் ஐ.பி.எம். புளூவேர்க்ஸ் லைவ் என்பதைக் கொண்டுவந்தது. இன்று இப்படியான எந்தக் கருவியைத் திறந்தாலும் கட்டத்துக்குப் பக்கத்தில் கருத்து எழுதும் இடம் இருக்கும்.

கருவி இருக்கு, சரி. ஆட்கள் ஏன் எழுதுவதில்லை?

இதற்குப் பதில் தேடுகிறவர்கள் ஸெரொக்ஸ் கொம்பனியின் கதையைப் படிக்க வேண்டும். 1980களில் அங்கே ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் போட்டோகொப்பி இயந்திரம் திருத்துகிற தொழிலாளர்களோடு கூடவே திரிந்து பார்த்தார். கொம்பனி கொடுத்த கையேட்டில், இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய் என்று படிப்படியாக எழுதியிருந்தது. இயந்திரங்கள் அந்தப் புத்தகத்தின்படி பழுதாகவில்லை. தொழிலாளர்கள் காலைச் சாப்பாட்டுக்கும் கோப்பிக்கும் ஒன்றாகக் கூடி 'நேற்று ஒரு மெசின் என்னைப் படுத்தின பாடு' என்று கதை சொல்லிக்கொண்டார்கள். மேலே இருக்கிறவர் பார்த்தால் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பார். உண்மையில் திருத்த வேலையின் அறிவு முழுவதும் அந்தக் கோப்பி மேசையில்தான் கைமாறியது. ஓரின் ஆய்வு 1996இல் புத்தகமாகவும் வந்தது.

ஸெரொக்ஸ் செய்த கெட்டித்தனம், அந்தக் கோப்பி மேசையைக் கலைக்காமல் பெரிதாக்கியது. யுரேக்கா என்ற ஒரு தளம், முதலில் பிரான்ஸில் தொடங்கியது. தொழிலாளி தான் கண்டுபிடித்த திருத்த வழியை எழுதுவார். அனுபவமுள்ள சக தொழிலாளர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். பிறகு எல்லோரும் பார்க்கலாம். எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுப்போம் என்ற யோசனை வந்தபோது தொழிலாளர்கள் வேண்டாம் என்றார்கள். எங்கட பேர் அதில் இருந்தால் போதும் என்றார்கள். பிரேசிலில் ஒருவர் ஏறத்தாழ 40,000 டொலர் பெறுமதியான இயந்திரத்தையே மாற்றிக் கொடுக்க இருந்த நேரத்தில், மொன்றியல்காரர் ஒருவர் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்து, மலிவான சின்னப் பாகம் ஒன்றை மாற்றி வேலையை முடித்தார் என்ற கதையை இந்தத் துறையில் அடிக்கடி சொல்வார்கள்.

இதை எங்கட கிடங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கேயும் புதிய கருவி வந்தது. கருத்து எழுதலாம், லைக் போடலாம், எல்லாம் இருந்தது. முதல் கிழமையிலேயே இரவு ஷிப்ட் தம்பி ஒருவர் நேர்மையாக எழுதினார்: இரவில் அனுமதி வட்ஸ்அப்பில்தான் வருகிறது, படத்தை மாற்றுங்கோ என்று. அதற்கு வந்த முதல் பதில் மனேஜரிடமிருந்து: யாருடைய அனுமதியோடு இப்படிச் செய்கிறீர்கள்? அந்தத் தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. பகல் ஒபிஸ் ஆட்கள் ஒருவருக்கொருவர் லைக் போட்டதைத் தவிர.

இன்னொன்றும் இருக்கு. அந்த அண்ணைக்கு ஆங்கிலம் கதைக்க வரும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதக் கூச்சம். வட்ஸ்அப்பில் அவர் குரல்பதிவு அனுப்புவார், தமிழில். தட்டச்சு செய்ய வேண்டும், ஆங்கிலத்தில் செய்ய வேண்டும், பெயரோடு செய்ய வேண்டும், மனேஜர் பார்ப்பார் என்றால், அந்தக் கருவி யாருக்குச் செய்தது என்பது தெரிந்துவிடும். எங்கட சமூகத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே சுடும். பல குடும்பங்களில் அப்பா அம்மா பெட்டி தூக்கினார்கள். பிள்ளை படித்து ஒபிஸில் இருந்து படம் கீறுகிறது. வீட்டில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். வேலைத்தலத்தில் அவர்களுக்கு இடையில் ஒரு கேள்விகூடப் போய் வருவதில்லை.

அப்படியென்றால் வட்ஸ்அப்பே போதும், விட்டுவிடுவமே என்று நினைக்கக் கூடாது. கட்டைவிரல் அடையாளம் சின்ன விஷயம் இல்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021இல் தானியம் வாங்கும் கொம்பனி ஒன்று, ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் போட்டார். பிறகு விதை வந்து சேரவில்லை. 'கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன், சம்மதம் இல்லை' என்பது அவர் பக்க வாதம். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, 82,000 டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. அமெரிக்காவில் 2022 செப்டெம்பரில், ஊழியர்கள் சொந்தத் தொலைபேசியில் வேலை விஷயம் கதைத்ததைப் பதிவுசெய்து வைக்கவில்லை என்பதற்காக 16 நிதி நிறுவனங்களுக்குப் பங்குச்சந்தை ஆணையம் விதித்த தண்டம் 110 கோடி டொலருக்கு மேல். எங்கட கிடங்கில் மருந்துப் பெட்டி ஒன்று அப்படி ஏறி, பிறகு யாருக்கும் ஏதும் ஆகியிருந்தால், பொறுப்பு யார் தலையில் விழும்? வீட்டில் நித்திரையாக இருந்தவரின் தலையிலா, படம் எடுத்து அனுப்பிய பொடியனின் தலையிலா?

ஆகவே உரையாடலை உள்ளே கொண்டுவரத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் விஷயம். என் அனுபவத்தில் முதல் வேலை, கருத்தையும் அனுமதியையும் பிரித்து வைப்பது. லைக் போட்டால் 'பார்த்தேன்' என்று அர்த்தம், அனுமதிக்கு வேறு பொத்தான். இரண்டாவது, கருத்தில் எழுதியதை வைத்து ஒருவரையும் விசாரிக்க மாட்டோம் என்று மனேஜர் எழுத்தில் தர வேண்டும். இதைக் கேட்டால் சட்டப் பிரிவு முகம் சுழிக்கும். பரவாயில்லை, கேளுங்கள். எழுதின கருத்துக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு ஆளின் பெயர் படத்திலேயே இருக்க வேண்டும். படம் மாறினால் யார் சொல்லி மாறியது என்பதும் இருக்க வேண்டும். ஸெரொக்ஸ் தொழிலாளர்கள் கேட்டதும் அதைத்தானே. குரலிலும் அனுப்பலாம், எந்த மொழியிலும் அனுப்பலாம் என்பது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய பாரம் இல்லை.

அந்தக் கிடங்கில் கடைசியில் படம் மாறியது. இரவு ஷிப்டிலேயே ஒருவருக்கு அனுமதி அதிகாரம் கொடுத்தார்கள். அண்ணைக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் கருத்து எழுதி விசாரணைக்குப் போன அந்தத் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி அண்ணையே கேட்டிருக்கிறார். மாற்றத்துக்குக் காரணமானவர்கள் என்ற இடத்தில் இன்றைக்கும் என் பெயர்தான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி இரண்டு தரம் எழுதிவிட்டேன்.