காகிதக்கூழ் விலங்குத் தலையணி

காகிதக்கூழ் விலங்குத் தலையணி என்பது நாடகம், நடனம், மாறுவேடப் போட்டி முதலியவற்றில் விலங்குப் பாத்திரம் ஏற்பவர் தலையில் அணிவதற்காகக் காகிதம், பசை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் உள்ளீடற்ற விலங்குத் தலை உருவம் ஆகும். முகமூடி முகத்தை மறைக்கும். தலையணி நெற்றிக்கு மேல் அமர்ந்து முகத்தைத் திறந்து விடும். வசனம் பேசி நடிக்க வேண்டிய பள்ளி நாடகங்களுக்கு இவ்வடிவமே பெரிதும் ஏற்றது.

பெயர்

காகிதத்தை ஊறவைத்து அரைத்த கூழால் உருவம் செய்வதும், காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி உருவம் செய்வதும் தமிழில் காகிதக்கூழ் வேலை என்றே பொதுவாக அழைக்கப்படுகின்றன. உலகெங்கும் வழங்கும் "பேப்பியர் மாஷே" என்னும் பிரெஞ்சுப் பெயருக்கு "மென்ற காகிதம்" என்பது பொருள். தலையணி செய்வதற்கு அடுக்கு முறை சிறந்தது. மூக்கு, புருவம் போன்ற புடைப்புகளுக்கு மட்டும் கூழ் பயன்படும்.

இந்தியாவில் காகிதக்கூழ்க் கலை

தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பொம்மைகள், கொலுப் பொம்மைகள் ஆகியவற்றில் காகிதக்கூழ் பயன்படுகிறது. புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைப் பொருட்கள் புவிசார் குறியீடு பெற்றவை. வீடுகளிலும் இம்முறை அறியப்பட்டதே. ஊறவைத்த காகிதத்துடன் வெந்தயத்தைச் சேர்த்து அரைத்து, மூங்கில் முறம், கூடை ஆகியவற்றின் இடைவெளிகளைப் பூசி அடைப்பது பழைய வழக்கம்.

மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் உள்ள சரிதா சிற்றூர், சௌ நடன முகமூடிகளுக்குப் புகழ்பெற்றது. இங்குக் களிமண் அச்சின் மீது சாம்பலைத் தூவி, அதன்மேல் காகிதத்தைப் பல அடுக்குகளாக ஒட்டுகின்றனர். பின்னர் களிமண்ணும் துணியும் சேர்த்துப் பூசி மெருகேற்றி, உலர்ந்தபின் அச்சிலிருந்து பிரித்தெடுக்கின்றனர். சாம்பல், காகிதம் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. சௌ நடனம் 2010 ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

முகமூடியும் தலையணியும்

புருலியா சௌ நடனத்தில் ஆடுபவர் பேசுவதில்லை. ஆகவே முகம் முழுவதும் மூடியிருப்பது குறையாவதில்லை. பேசும் நாடகத்தில் நிலைமை வேறு. வாயை மூடும் முகமூடி சொற்களை மழுங்கச் செய்கிறது; கண்துளைகள் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கின்றன; உள்ளே வெப்பமும் வியர்வையும் சேர்கின்றன. மேடை விளிம்பைக் காணாத குழந்தை தடுக்கி விழக்கூடும்.

தலையணியில் இக்குறைகள் இல்லை. பார்வையாளர்கள் விலங்கின் தலையையும் நடிப்பவரின் முகத்தையும் ஒருசேரக் காண்கின்றனர். 1997 ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறிய "தி லயன் கிங்" இசை நாடகத்தில், இயக்குநர் சூலி டேமோர் சிங்கப் பாத்திரங்களின் முகமூடிகளை நடிகர்களின் தலைக்கு மேல் அமைத்து, அவர்களின் முகங்களைத் திறந்தே வைத்தார்.

அறிவியல் அடிப்படை

காகிதம் செல்லுலோசு இழைகளால் ஆனது. நனையும்போது இழைகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வதால் காகிதம் எவ்வளைவுக்கும் இணங்கும். உலரும்போது இழைகள் மீண்டும் நெருங்கிப் பிணைகின்றன. பசையில் உள்ள மாச்சத்து அடுக்குகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. எனவே தலையணியின் உறுதி பசையின் அளவால் அமைவதன்று. மெல்லிய அடுக்குகள் முழுமையாக உலர்வதால் அமைவதாகும்.

செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகக் கிழியும். ஆலையில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதே இதற்குக் காரணம். ஆகவே ஓர் அடுக்கைக் குறுக்காகவும் அடுத்ததை நெடுக்காகவும் ஒட்டினால் ஓடு எல்லாத் திசைகளிலும் வலிமை பெறும். கத்தரித்த துண்டுகளைவிடக் கையால் கிழித்த துண்டுகளே நல்லவை. கிழிந்த ஓரத்தின் இழைகள் அடுத்த துண்டோடு விளிம்பு தெரியாமல் கலந்துவிடும்.

செய்முறை

திருச்சிராப்பள்ளியின் தென்னூரிலிருந்து காவிரியைக் கடந்தால் அடையக்கூடிய திருவானைக்காவின் தலவரலாறு இரு விலங்குகளைப் பற்றியது. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின் மீது சருகு விழாதபடி சிலந்தி வலை பின்னியது. நீரால் வழிபட்ட யானை அவ்வலையைத் தூய்மைக் குறைவு எனக் கருதிச் சிதைத்தது. சினமுற்ற சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. பருமனான தலை, மெல்லிய கால்கள் ஆகிய இரண்டும் தேவைப்படுவதால், இக்கதையை நாடகமாக்கினால் வேண்டிய தலையணிகள் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

1. அளவெடுத்தல்: பள்ளிச் சிறுவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 50 முதல் 54 செ.மீ. வரை இருக்கும். உள்ளே துணி வைத்துத் தைப்பதற்காக ஓட்டின் சுற்றளவை 2 செ.மீ. கூடுதலாகக் கொள்ள வேண்டும்.

2. பசை: ஒரு பங்கு மைதாவை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மேலும் நான்கு பங்கு நீர் சேர்த்துக் கிளறியபடி காய்ச்ச வேண்டும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் மாச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புவதால் கலவை தடிக்கும். சுவரொட்டி ஒட்டுவோரும் நூல் கட்டுவோரும் பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நச்சுப்பொருள் ஆதலால் குழந்தைகள் செய்யும், அணியும் பொருளில் சேர்க்கக் கூடாது. பசையை ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

3. அச்சு: வேண்டிய சுற்றளவுக்கு ஊதிய பலூன் எளிய அச்சாகும். அதை ஒரு கிண்ணத்தின் மீது நிறுத்தி, மேற்பாதியில் மட்டும் காகிதம் ஒட்ட வேண்டும்.

4. ஒட்டுதல்: இரண்டு அல்லது மூன்று செ.மீ. அகலத் துண்டுகளைப் பசையில் தோய்த்து, மிகுதியான பசையை விரல்களால் வழித்துவிட்டு ஒட்ட வேண்டும். முதல் அடுக்கை வெறும் நீரில் நனைத்து ஒட்டினால் பலூனிலிருந்து எளிதில் பிரியும். ஒரு நாளில் இரண்டு அடுக்குகளுக்கு மேல் கூடாது. மொத்தம் ஆறு முதல் எட்டு அடுக்குகள் போதும்.

5. உலர்த்துதல்: ஈரமான ஓட்டை வெயிலில் வைத்தால் பலூனுக்குள் காற்று விரிந்து அது வெடிக்கக்கூடும். இரவுக் குளிரில் காற்று சுருங்கினால் ஓடு நெளியும். ஆகவே முதல் இரு நாட்கள் காற்றோட்டமான நிழலிலும், ஓடு விறைத்தபின் வெயிலிலும் உலர்த்துவது முறை. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை உலர்வதற்கு இரு மடங்கு நாட்கள் ஒதுக்குவது நல்லது. மேற்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் ஓடு இன்னும் உலரவில்லை என அறியலாம்.

6. உறுப்புகள்: பலூனை அகற்றி விளிம்பைச் சீராக வெட்டியபின் உறுப்புகளைப் பொருத்தலாம். ஆசிய யானையின் நெற்றியில் இரு மேடுகள் உண்டு. இவை மத்தகம் எனப்படும். இவற்றைக் கூழால் புடைக்கச் செய்தாலே உருவம் யானையாகத் தோன்றத் தொடங்கும். காதுகளை அட்டையில் வெட்டலாம். ஆப்பிரிக்க யானையின் காதுகளை விட ஆசிய யானையின் காதுகள் சிறியவை. சிலந்திக்குச் சிறிய தொப்பி வடிவ ஓடும், காகிதம் சுற்றிய கம்பிக் கால்கள் எட்டும் தேவை. ஆறு கால்கள் வைத்தால் அது பூச்சியாகிவிடும். கம்பி முனைகளை மடித்து மூட வேண்டும்.

7. வண்ணம்: முதலில் வெள்ளை பூசினால் அச்செழுத்துகள் மறையும், பின்னர் பூசும் நிறமும் தெளிவாகத் தோன்றும். நீரில் கரையும் வண்ணங்களே போதுமானவை. உட்புறத்தில் பருத்தித் துணி ஒட்ட வேண்டும். இல்லையெனில் வியர்வை பட்டு மாச்சத்து இளகும்.

எடையும் சமநிலையும்

55 செ.மீ. சுற்றளவுள்ள அரைக்கோள ஓட்டின் பரப்பு ஏறத்தாழ 480 சதுர செ.மீ. ஆகும். எட்டு அடுக்குகளுக்கு 3,840 சதுர செ.மீ. காகிதம் வேண்டும். செய்தித்தாள் ஒரு சதுர மீட்டருக்கு 45 முதல் 50 கிராம் வரை எடையுள்ளது. எனவே இக்காகிதத்தின் எடை 20 கிராமுக்கும் குறைவு. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையும் பசையையும் சேர்த்தாலும் ஓடு கனமாவதில்லை.

கழுத்தை வருத்துவது பெரும்பாலும் மொத்த எடையன்று, அந்த எடை அமையும் இடமே. தலையின் நடுவிலிருந்து 30 செ.மீ. தொலைவில் உள்ள 100 கிராம், 10 செ.மீ. தொலைவில் உள்ள 300 கிராமுக்கு இணையான திருப்புவிசையைத் தரும். நீண்டு நிற்கும் துதிக்கை தலையணியை முன்னே கவிழ்த்து நடிப்பவரின் கண்களை மறைத்துவிடும். எனவே துதிக்கையை உள்ளீடற்றதாகச் செய்து, நெற்றியை ஒட்டி மேல்நோக்கி வளைப்பது நன்று. பின்புறம் அகலமான மீள்பட்டை தைத்தால் தலையணி நழுவாது. கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டக் கூடாது.

பாதுகாப்பும் பேணலும்

காகிதமும் மாச்சத்தும் எளிதில் தீப்பற்றுவன. விழா மேடையில் ஏற்றும் குத்துவிளக்கு, கற்பூரம் ஆகியவற்றின் அருகே தலையணியுடன் நிற்கக் கூடாது. இறுதி ஒத்திகைக்கு முன்பே அணிந்து நடந்து, திரும்பி, குனிந்து பார்ப்பது அவசியம். வலிக்கும் இடங்களையும் நழுவும் இடங்களையும் அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

மைதாப் பசையைக் கரப்பான், இராமபாணப் பூச்சி, எலி ஆகியவை விரும்பித் தின்னும். நாடகம் முடிந்ததும் வியர்வை ஈரம் போக உலர்த்தி, மூடிய பெட்டியில், தரையில் படாமல் உயரத்தில் வைத்தால் தலையணி அடுத்த ஆண்டு விழாவிற்கும் உதவும். விரிசல் ஏற்பட்ட இடத்தில் இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டி உலர்த்தினால் மீண்டும் உறுதி பெறும்.